நான் நக்கலாகச் சொன்ன சொல்லை ஆலோசனையாக ஏற்றுப் பின்கதவைப் பூட்டியது பற்றி

அனுப்புநர்:
கா. தவசி (வயது 36),
த/பெ. காசிமாயன்,
சோதனைப் பிரிவுத் தொழிலாளி,
சுபஜோதி ஸ்டவ் ஒர்க்ஸ், காளவாசல், மதுரை.
வீடு: பழங்காநத்தம், மதுரை – 3.

பெறுநர்:
உயர்திரு. தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
மதுரை.

பொருள்: சுபஜோதி ஸ்டவ் ஒர்க்ஸ் – ஷெட்டின் பின்கதவு வேலை நேரத்தில் பூட்டப்பட்டிருத்தல் – நான் கேட்டுக்கொண்டதால் பூட்டப்பட்டதாகக் கூறப்படுதல் – நான் அவ்வாறு கேட்கவில்லை எனத் தெரிவித்தல் – கதவைத் திறக்க உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்து, விஷயத்தை மட்டும் பார்க்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் கம்பெனியில் மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ் செய்கிறோம். முடிந்து வரும் ஸ்டவ்வில் எண்ணெய் ஒழுகுகிறதா, சுடர் சீராக எரிகிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. என் மனைவி ஒச்சாயி அதே ஷெட்டின் கடைக்கோடியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. முதலாளி திரு. சொக்கநாதன் அவர்கள் எங்கள் கல்யாணத்துக்கு நேரில் வந்து மொய் எழுதிவிட்டுப் போனவர். வேலை போய்விட்டால் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் போகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

2. எங்கள் ஷெட் நீளமானது. அதற்கு இரண்டே வழி. முன்பக்கம் ஷட்டர், பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு. ஜன்னல்கள் உண்டு, ஆனால் கம்பி போட்டவை. பின்கதவைத் தாண்டினால் கக்கூஸ், அதையடுத்து என் தாய்மாமன் மகன் பேயாண்டியின் டீக்கடை. பெயிண்ட் பிரிவுப் பெண்கள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள். பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடி தாங்காமல் தலை சுற்றினால் வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். நானும் போவேன், டீக்காகத்தான். பொய் சொல்ல விரும்பவில்லை.

3. சென்ற ஆண்டு எங்கள் ஸ்டவ்வுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடைத்தது. அதற்காக நாங்கள் எல்லோரும் உழைத்தோம். முத்திரை வந்த அன்று ஷெட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் முத்திரை வாங்கிவிட்டு நின்றுவிடக் கூடாது, நாளுக்கு நாள் மேம்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, தர மேம்பாட்டு அதிகாரி என்று ஒருவரை முதலாளி நியமித்தார். அவர் பெயர் திரு. ஹாலாஸ்யம். பெயர் மதுரைப் பெயர், பூர்வீகமும் மதுரை. பிறந்து வளர்ந்தது மட்டும் பம்பாய்.

அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தொழிலாளியை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசிய முதல் அதிகாரி அவர்தான். ஜப்பான் தேசத்தில் தொழிலாளர்கள் வாரம் ஒருமுறை கூடி, வேலையை எப்படி மேம்படுத்தலாம் என்று தாங்களே யோசனை சொல்கிறார்களாம். அதே மாதிரி எங்களிலும் சிலரைச் சேர்த்து ‘தர வட்டம்’ என்று ஒன்றை அமைத்தார். புதன்கிழமை சாயங்காலம் வட்டமாக உட்காருவோம். யார் என்ன சொன்னாலும் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொள்வார். தொழிலாளியின் சொல் ஒன்றுகூட வீணாகப் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. என் சொல் ஒன்று வீணாகப் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

4. சென்ற மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, தொழிலாளர்கள் பின்கதவு வழியாக டீக்கடைக்குப் போய் வருவதில் நேரம் வீணாவதை எப்படிக் குறைக்கலாம் என்று அவர் கேட்டார். வெல்டிங் பிரிவு முத்திருளன், டீயை உள்ளேயே கொண்டு வரச் சொல்லலாம் என்றார். இன்னொருவர், ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்து அனுப்பலாம் என்றார். ஒரு டீக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே கீழே எழுதுகிறேன்:

“இம்புட்டுக்கு எதுக்கு சார் மெனக்கெடுறீக? பின்கதவ இழுத்துப் பூட்டி, சாவிய வைகையில எறிஞ்சிருங்க. சோலி முடிஞ்சிரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்ததால் திரு. ஹாலாஸ்யமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

5. ஐயா அவர்களுக்கு எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆகவே விளக்க வேண்டியது என் கடமை. எங்கள் பக்கத்தில், கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வருகிறவனைப் பார்த்து “என்ன மாப்ள, வெயிலு சாஸ்தியோ?” என்று கேட்போம். அவனும் “ஆமாண்ணே, வேர்த்து ஊத்துது” என்று பதில் சொல்லிவிட்டுப் போவான். இருவருமே வெயிலைப் பற்றிப் பேசவில்லை. இதற்கு நக்கல் என்று பெயர். மேலும், சோலி என்றால் வேலை. ஆனால் சோலி முடிந்தது என்றால் வேலை முடிந்தது என்று மட்டும் பொருள் அல்ல. ஆளே முடிந்தான் என்றும் பொருள். நான் சொன்னது இரண்டாவது பொருளில். திரு. ஹாலாஸ்யம் எழுதியது முதல் பொருளில். அறிக்கையில் அது பின்வருமாறு இருக்கிறது: “பின்கதவைப் பூட்டி வைக்கலாம் என்று உறுப்பினர் தவசி ஆலோசனை கூறினார். அதனால் வேலை விரைவில் முடியும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.”

6. அடுத்த திங்கட்கிழமை கதவில் பூட்டு தொங்கியது. சாவி முன்வாசல் வாட்ச்மேன் காளையிடம் கொடுக்கப்பட்டது. வைகையில் எறிவது மட்டும் நடைமுறைக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டார்கள். அந்த மாதத்தின் சிறந்த ஆலோசனை என்று எனக்கு ஓர் எவர்சில்வர் குடம் பரிசு கொடுத்தார்கள், பெயர் வெட்டி. என் போட்டோவைப் பெரிதாக்கி ஷெட்டில் மாட்டினார்கள். சென்னையில் பல கம்பெனிகளின் தர வட்டங்கள் கலந்துகொண்ட போட்டியில், பூட்டிய கதவின் படத்தைக் காட்டி எங்கள் வட்டம் பரிசும் வாங்கி வந்தது. அதிலிருந்து ஷெட்டில் என்னை யாரும் தவசி என்று கூப்பிடுவதில்லை. பூட்டு என்கிறார்கள். டீக்கடை வியாபாரம் படுத்துப்போன பேயாண்டி, ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்து, “என்ன மாப்ள, உள்ள சௌரியமா இருக்கீகளா?” என்று தினமும் விசாரிக்கிறார்.

கக்கூஸுக்குப் போக வேண்டுமானால் முன்பக்கம் வந்து, காளையிடம் சொல்லிவிட்டு, காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர்களால் எழுத முடியாது.

7. தவறுதலாக நடந்ததைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பி முதலாளியிடம் போனேன். நான் விளையாட்டாகச் சொன்னதை அதிகாரி நிஜமாக எடுத்துக்கொண்டார் என்று பணிவாகச் சொன்னேன். அவர் சொன்ன பதில்:

“நீ என்ன அர்த்தத்துல சொன்னேன்னு எனக்குத் தெரியாமயாப்பா இருக்கும்? நானும் இந்த ஊருத் தண்ணியக் குடிச்சவன்தானே. ஆனா நீ சொன்னது நல்லாருக்கேப்பா.”

ஐயா, திரு. ஹாலாஸ்யத்துக்குப் புரியவில்லை. அதனால் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முதலாளிக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. கம்பெனி பூட்டியிருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். தொழிலாளியே கேட்டுப் பூட்டியதாக இருப்பதால் சண்டை போட ஆள் இல்லை. யூனியன் செயலாளரும் என் போட்டோவைக் காட்டி, “நீங்களே கேட்டு வாங்குனதுக்கு நாங்க எப்படிண்ணே கொடி புடிக்கிறது?” என்று கேட்டுவிட்டார்.

8. பிறகு திரு. ஹாலாஸ்யத்திடமே போனேன். நக்கல் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கிப் பார்த்தேன். மிகவும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். ஒருமுறை மேம்படுத்தியதை அப்படியே பழைய நிலைக்குக் கொண்டுபோக முடியாது, அதைவிட நல்ல ஆலோசனை வந்தால் மாற்றலாம் என்று சொல்லி ஒரு படிவம் கொடுத்தார். கதவைத் திறந்து வைக்கலாம் என்று எழுதினேன். அதில் ‘இந்த ஆலோசனையால் மிச்சமாவது என்ன?’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் யோசித்து, உயிர் என்று எழுதினேன். அளந்து சொல்லக்கூடியதாக எழுதவும் என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

எங்கள் ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றும் மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. அது அடைத்திருந்தால் அந்த ஸ்டவ்வை நான் கழித்துவிட வேண்டும், முத்திரை போட்டு அனுப்பக் கூடாது. அந்த அதிகாரம் எனக்கு இருக்கிறது. ஷெட்டின் விஷயத்தில் இல்லை.

9. இனி நான் எழுதுவதுதான் இந்த மனுவுக்குக் காரணம். சென்ற மே மாதம் அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு பிற்பகல், சோதனைக்காக எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்களுக்குப் பக்கத்தில் தின்னர் தோய்ந்த துணி ஒன்று கிடந்து பற்றிக்கொண்டது. சோதனை மேஜை ஷெட்டின் நடுவில் இருக்கிறது. எனக்குப் பின்னால் முன்வாசல் திறந்திருந்தது. தீக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் பிரிவுப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பூட்டிய கதவு. பழக்கத்தில் எல்லோரும் அந்தக் கதவுக்குத்தான் ஓடினார்கள். சாவி வைத்திருந்த காளை அந்த நேரம் முன்பக்கம் ரோட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். சத்தம் கேட்டுப் பேயாண்டி வெளியிலிருந்து கதவை இழுக்கிறார், உள்ளேயிருந்து பெண்கள் தள்ளுகிறார்கள், பூட்டு அசைந்து அசைந்து சத்தம் போடுகிறது. பின்னால் வந்தவர்கள் முட்டியதில் என் மனைவி கதவோடு கதவாக நசுங்கினாள். அவளோடு வேலை செய்யும் செல்லத்தாய் என்பவருக்கு விரல் நசுங்கியது.

என் மனைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் மனைவி புருஷன் பெயரைச் சொல்லுவதில்லை. எங்களுக்கு நடுவில் தீ இருந்தது. தாண்டிப் போக முடியவில்லை. ஐயா, நான் பயந்தேன். வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. முத்திருளன் மணல் வாளியை எடுத்து வந்து கொட்டினார், நானும் கொட்டினேன், திரு. ஹாலாஸ்யம் சட்டையெல்லாம் கரியாக ஓடி ஓடிக் கொட்டினார். தீ தின்னர் டின்னுக்குப் போகுமுன் அணைந்துவிட்டது. காளை சாவியோடு வந்தது அதற்குப் பிறகுதான்.

அன்று இரவு வீட்டில் ஒச்சாயியின் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நான் வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னேன். “நீங்க வெளாட்டுக்குத்தான் சொன்னீகன்னு எனக்குத் தெரியும். கதவுக்குத் தெரியுமா?” என்றாள்.

10. அந்த வாரம் வட்டம் கூடியது. எந்தத் தவறு நடந்தாலும் ‘ஏன்?’ என்று ஐந்து முறை கேட்டால் அடிப்படைக் காரணம் தெரிந்துவிடும் என்பது முறையாம். தீ ஏன் பிடித்தது? துணி கிடந்தது. துணி ஏன் அங்கே கிடந்தது? மாட்ட இடமில்லை. ஏன் இடமில்லை? ஆணி இல்லை. ஏன் இல்லை? யாரும் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? அடிக்கச் சொல்லி யாருக்கும் பொறுப்புக் கொடுக்கவில்லை. ஐந்தும் முடிந்தது. மறுநாள் சுவரில் ஆணி அடித்தார்கள். நல்ல ஆணி, குறை சொல்ல முடியாது. பெண்கள் ஏன் வெளியே வர முடியவில்லை என்று கேட்க எழுந்தேன். இன்றைய பொருள் தீ ஏன் பிடித்தது என்பதுதான், அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்பாக உட்கார வைத்தார்கள். அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளப்பட்டது வேறு பொருள்.

11. அந்த வேறு பொருளாவது: பின்கதவு பூட்டியதால் தொழிலாளர்கள் முன்வாசல் வழியாகக் கம்பெனியைச் சுற்றிப் போகிறார்கள், முன்னைவிட அதிக நேரம் வீணாகிறது, இதற்கு என்ன செய்யலாம் என்பது. வேலை நேரத்தில் முன் ஷட்டரையும் இறக்கிப் பூட்டிவிட்டு, மணி அடிக்கும்போது மட்டும் திறக்கலாம் என்று சூப்பர்வைசர் ஒருவர் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன எழுதுவார்களோ என்ற பயம். அறிக்கையில் இப்படி வந்திருக்கிறது: “இதன் மூல ஆலோசனையை வழங்கிய உறுப்பினர் தவசி மறுப்பு ஏதும் தெரிவிக்காததால் ஒருமனதாக ஏற்கப்பட்டது.”

பேசினால் ஆலோசனை, பேசாவிட்டால் சம்மதம். இதற்கு நடுவில் நான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வேலையை விட்டுப் போய்விடலாம் என்று பலமுறை நினைத்தேன். நான் மட்டும் வெளியே போய்விட்டால், பூட்டியவனே தப்பித்துப் போனான், மற்றவர்கள் உள்ளே கிடக்கிறார்கள் என்று ஆகும். ஒச்சாயி, செல்லத்தாயை விட்டு வர மாட்டேன் என்கிறாள். வருகிற ஜூலை முதல் தேதியிலிருந்து முன் ஷட்டரும் பூட்டப்படும்.

12. ஆள் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதாக ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். அது தங்களுக்குத் தெரியும். ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

ஜூலை முதல் தேதிக்கு முன்னால் தாங்கள் நேரில் வர வேண்டும். வருவதை முன்கூட்டிக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டாம். தெரிவித்தால் அன்று இரண்டு கதவும் திறந்திருக்கும், மாவிலைத் தோரணமும் கட்டியிருக்கும். பேயாண்டி டீக்கடை வழியாக வந்து பின்கதவைத் தட்டினால் போதும். உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்லுவோம், திறக்கத்தான் முடியாது.

இந்த மனுவை விளக்கம் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவைக்க வேண்டாம் என்று தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அனுப்பினால் புதன்கிழமை வட்டத்தில் சத்தமாகப் படிப்பார்கள். கம்பெனியின் மேல் எனக்குள்ள அக்கறைக்கு இன்னொரு குடம் கொடுப்பார்கள்.

13. இம்மனுவைத் தபாலில் சேர்க்குமுன் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நக்கல் இருக்கிறது, அடித்துவிடுங்கள் என்றாள். அடித்துவிட்டேன். இன்னும் சில இடங்களில் இருப்பதாகச் சொல்லுகிறாள், எனக்குத் தெரியவில்லை. என் பேச்சே அப்படிப் பழகிவிட்டது. தங்கள் கண்ணில் பட்டால் அவற்றையும் அடித்துவிட்டு, மிச்சமிருப்பதைப் படிக்கவும்.

மிச்சமிருப்பது இவ்வளவுதான். கதவைத் திறக்கச் சொல்லுங்கள் ஐயா. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இடம்: மதுரை – 3
நாள்: 23–6–1986

தங்கள் வருகையை எதிர்பார்த்து உள்ளேயிருக்கும்,
கா. தவசி
(கையொப்பம்)

படித்துக் காட்டக் கேட்டேன், எனக்கும் இதே வேண்டுதல்தான்:
ஒச்சாயி
(இடது கைப் பெருவிரல் ரேகை)